அடி இல்லாத மென்பவளம்

காலை பதினொன்று இருபதுக்கு என் மகளிடமிருந்து போன் வந்தது. நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் என் மேசைக்கு நேர் எதிரே கடிகாரம் மாட்டியிருக்கிறது. அதனால் நேரம் சரியாகத் தெரியும். காலையில் எடுத்த ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரத்தில் அவள் என்னைக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை.

"அம்மா, எல்லாம் கரைஞ்சு போச்சும்மா," என்றாள். "இருந்ததே ஒண்ணு. அதுவும் போச்சு."

அழவில்லை. அழுதிருந்தால் நான் இத்தனை பயந்திருக்க மாட்டேன். யாரோ எழுதிக் கொடுத்ததை வாசிப்பதுபோல் இருந்தது குரல். "என்னடி போச்சு? எங்க இருக்க நீ?" என்று கேட்பதற்குள் லைன் அறுந்துவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

இது நடந்து சில வாரங்கள் ஆகின்றன. இப்போதும் காலை வேளையில் போன் அடித்தால் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்த பிறகுதான் எடுக்கிறேன்.

பச்சைக் குழந்தையின் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றும்போதுகூட என் கை நடுங்காது. அதற்காகவே மதுரை தல்லாகுளத்தில் சில குடும்பங்கள் என்னைத்தான் கேட்டு வரும். அன்றைக்கு ஸ்கூட்டர் சாவியை அதன் துளைக்குள் நுழைக்க முடியவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தம்பி வந்து, என் கையிலிருந்து சாவியை வாங்கிப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "பாத்துப் போங்கக்கா" என்றார். என்ன ஏதென்று கேட்கவில்லை. படிக்கிற பிள்ளைகளைப் பற்றிச் செய்தித்தாளில் வருகிற கெட்ட செய்திகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதையெல்லாம் வாசிக்காதே என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருப்பார். கோரிப்பாளையம் சிக்னலில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அத்தனையும் தலைப்போடு நினைவுக்கு வந்தன.

அவள் ஆராய்ச்சி செய்யும் கல்லூரி ஊரைத் தாண்டி, வயலும் பிளாட் போட்ட கல்லும் மாறி மாறி வருகிற சாலையில் இருக்கிறது. விலங்கியல் துறை மாடியில். படியேறிப் போனால், பாம்பும் மீனும் ஜாடிகளில் நிற்கும் நீள அறையில், கண்ணாடி அலமாரிக்குக் கீழே தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கண்ணாடி ஜாடி.

"எதுக்கும்மா வந்த? லேப் இல்லையா?"

"நீதான கூப்பிட்ட. போன் ஏன் ஆஃப் ஆச்சு?"

"சார்ஜ் இல்ல."

நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். ஜாடியைக் கீழே வைத்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். இதுதான் போச்சு," என்று ஜாடியைத் தொட்டுக் காட்டினாள்.

அந்த ஜாடியில் இருந்தது ஒரு மென்பவளம். என் மகள் அவற்றைத்தான் ஆராய்ச்சி செய்கிறாள். கடலே இல்லாத மதுரையில் உட்கார்ந்துகொண்டு கடலுக்குள் இருப்பதைப் படிக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் கேட்காத விசேஷம் கிடையாது. உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் என் கொழுந்தனார் ஒருமுறை, "ஏம்மா, வைகையிலயே தண்ணியக் காணோம். நீ எங்கிட்டுப் போயி பவளம் எடுக்குற?" என்று கேட்டார். "பஸ்ல போயி எடுக்குறேன் சித்தப்பா," என்றாள் இவள். உண்மையும் அதுதான். ராமநாதபுரம் கடற்கரைக்கு பஸ்ஸில் போவாள். வலையில் மீனோடு சிக்கி வந்துவிடுகிற மென்பவளங்களை, வனத்துறை அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு, படகுக்காரர்களிடம் கேட்டு வாங்கி வருவாள்.

பவளம் என்றதும் நகைக்கடைச் சிவப்புக் கல்லைத்தான் நான் நினைத்திருந்தேன். இது அதுவல்ல. கல்லாக இறுகாத பவளம். கடலுக்கடியில் பாறையைப் பற்றிக்கொண்டு, விரல்களை விரித்த கைபோல நிற்கும். அந்த விரல்களின் மேல் முழுக்கப் பொடிப்பொடியான உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கைகள், ஒவ்வொரு கையும் ஓர் இறகைப் போல. உயிரோடு இருக்கும் வீடியோ ஒன்றை அவள் காட்டியபோது இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தேன். அது ஒரு பிராணி என்றே நம்ப முடியவில்லை, பூத்துக் கிடந்தது. தண்ணீரைவிட்டு எடுத்தால் எல்லாக் கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு தோல்துண்டு மாதிரி ஆகிவிடுகிறது. அவள் ஒன்றை முதன்முதலாக வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் என் கணவர் எட்டிப் பார்த்து, "இம்புட்டுப் படிச்சு இதையா பாக்குற? ஆட்டு நுரையீரல் மாதிரியில்ல இருக்கு?" என்றார்.

"வெளிய பாத்தா அப்படித்தான்ப்பா இருக்கும். வெளிய இருக்குறது பொய் சொல்லும்," என்றாள்.

அந்தப் பதிலை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன். ஒரே இனம் ஆழத்தில் ஒரு மாதிரியும் அலையடிக்கும் இடத்தில் இன்னொரு மாதிரியும் வளருமாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு இனங்கள் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பியாகத் தெரியுமாம். நிறத்தையும் வடிவத்தையும் நம்பிப் பெயர் வைத்தவர்கள் எல்லாரும் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சதைக்குள், கண்ணுக்குத் தெரியாத அளவில், சுண்ணாம்பு முட்கள் நெருக்கமாகப் புதைந்திருக்கின்றன. மென்பவளத்துக்கு எலும்பு என்று சொல்வதானால் அவைதான். அவற்றின் வடிவம்தான் அதன் அடையாளம். மேல்தோலில் ஒரு வகை, விரலுக்கு உள்ளே ஒரு வகை, பாறையைப் பற்றியிருந்த அடிப்பாகத்தில் பெரிதாக ஒரு வகை. எல்லா இடத்திலிருந்தும் எடுத்து, எல்லாவற்றையும் அளந்து பார்த்தால்தான் சிற்றினத்தின் பெயரைச் சொல்லலாம். முக்கியமாக அடிப்பாகம். அது இல்லாவிட்டால் இவள் ஆராய்கிற வகையில் சிற்றினம் சொல்லவே முடியாது.

இந்த ஜாடியில் இருந்த மென்பவளத்தை, வெளித்தோற்றத்தை வைத்து, பரவலாகக் கிடைக்கும் ஓர் இனம் என்று அவளுடைய கைடு, அதாவது ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியர், ஏற்கெனவே ஒரு பட்டியலில் சேர்த்திருந்தார். இவளுக்கு அதில் சந்தேகம். ஆரம்பத்தில் விரல் நுனியிலிருந்து கடுகளவு எடுத்து, சதையைக் கரைத்து, தண்ணீரில் வைத்துப் பார்த்தபோது, முட்கள் வேறு மாதிரி தெரிந்தனவாம். அந்த ஸ்லைடு காய்ந்து வீணாகிவிட்டது. செல்போனில் எடுத்த படத்தில் அளவுகோல் இல்லாததால் முள்ளை அளக்க முடியாது. இருப்பது ஒன்றே ஒன்று என்பதால், எதை அளக்க வேண்டும் என்று தெரியாமல் மேற்கொண்டு வெட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்தாள். அதே குடும்பத்தின் பழைய மாதிரிகளைப் பார்ப்பதற்காக வடக்கே ஓர் அருங்காட்சியகத்துக்குப் போனாள். ஒன்றரை மாதம் அங்கே தங்கி, நாள் முழுக்கப் பார்த்து, வரைந்து, அளந்துகொண்டு திரும்பினாள். திரும்பி வந்த முதல் காலையில், தன்னுடையதை எடுக்கப் போனால், அது இடம் மாறியிருந்தது.

அவள் ஊரில் இல்லாத சமயத்தில் கல்லூரியைப் பார்வையிட ஒரு கமிட்டி வந்திருக்கிறது. கமிட்டி வருகிறது என்றால் எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான்: சுவருக்கு வெள்ளை, பூந்தொட்டிக்குக் காவி, ம்யூசியம் ஜாடிகளைத் துடைத்து, தண்ணீர் குறைந்திருக்கும் எல்லாவற்றிலும் ஃபார்மலினை ஊற்றி நிரப்புவது. துறையின் அட்டெண்டர் அந்த வேலையில் கெட்டிக்காரர். பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்பிரிட்டில் கிடந்த இவளுடைய மென்பவளத்தை எடுத்து, நல்ல கண்ணாடி ஜாடியில் நிற்கவைத்து, ஃபார்மலின் ஊற்றி, மூடியைச் சுற்றி மெழுகு வைத்து, புது லேபிள் ஒட்டி அலமாரியின் நடுத்தட்டில் வைத்திருந்தார். அழகாகத்தான் இருந்தது. பூச்சாடி மாதிரி நின்றது.

அவள் மூடியைத் திறந்து காட்டினாள். அந்த நெடி எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் தொழிலில் சதை என்றால் ஃபார்மலின்; ஆபரேஷனில் எடுத்த எந்தத் துண்டு வந்தாலும் அதில்தான் வரும். எங்கள் லேபில் யாரிடம் கொடுத்திருந்தாலும் அதைத்தான் ஊற்றியிருப்பார்கள். ஆனால் நாள்பட்ட ஃபார்மலினில் புளிப்பு ஏறும். அந்தப் புளிப்பில் சுண்ணாம்பு கரையும். சதையைக் காப்பாற்றும், உள்ளே இருக்கிற முள்ளைத் தின்றுவிடும். அதற்கு மேல் இன்னொன்று. ஜாடியின் வாய் குறுகல். அதற்குள் நுழையாத அடிப்பாகத்தை பிளேடால் நேர்த்தியாக நறுக்கி எடுத்திருந்தார்கள்.

"அந்த அடி எங்க?" என்றேன்.

"அதான் தெரியல. என் டப்பாவையும் காணோம். பெருக்குற அக்கா, கமிட்டிக்கு முன்னாடியே பழைய பிளாஸ்டிக் எல்லாம் பஞ்சாயத்து டிராக்டர்ல போயிருச்சுங்கிறாங்க."

அட்டெண்டருக்கு அவள் போன் செய்திருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. என் போனிலிருந்து நானும் முயன்றேன். அவருடைய அக்கா மகளுக்குத் திருவாதவூரில் சடங்கு. தாய்மாமன் சீர் கொண்டுபோக லீவில் போயிருக்கிறார் என்று ஆபீஸில் சொன்னார்கள். எனக்கு அந்த நேரத்தில் அந்தச் சடங்கின் மீதே கோபம் வந்தது. "அவனுக்கு என்ன தெரியும்னு இதுல கை வச்சான்?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"அவரு ஏம்மா வேணும்னு செய்யப் போறாரு? ஜாடியத் துடைச்சிருக்காரு பாரு, லேபிள்ல ஒரு சுருக்கம்கூட இல்ல," என்றாள்.

கைடு வந்தார். மீன்கள்தான் அவர் துறை. நல்ல மனிதர். என்னைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. "நான்தாம்மா ஜாடியில மாத்தி வைக்கச் சொன்னேன். பவளம்னா கமிட்டிக்குப் பாக்க நல்லா இருக்குமேன்னு. ஃபார்மலின் ஊத்துவாருன்னு எனக்குத் தோணல."

"மீனுக்கெல்லாம் அதான சார் ஊத்துவாரு," என்றாள் மகள்.

"சரிம்மா, ஆனது ஆச்சு. லிஸ்ட்ல போட்ட பேரே இருந்துட்டுப் போகட்டும். தோற்றம் ஒத்துப் போகுதுல்ல? யாரு உள்ள அறுத்துப் பாக்கப் போறா?"

"எனக்கு அடுத்து பாக்குறவங்க பாப்பாங்க சார்."

அவர் சிரித்துவிட்டு அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார். கோபித்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. வாயைக் கொஞ்சம் அடக்கேன் என்று அவளிடம் சொல்ல நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் லேப் மூடியிருக்கும். டாக்டரிடம் கேட்டுச் சாவி வாங்கினேன். அங்கே இருக்கும் மைக்ராஸ்கோப்பில் கேமரா உண்டு. அளவோடு படம் எடுக்கலாம். அவள் மென்பவளத்தைக் கழுவி புது ஸ்பிரிட்டில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். என் மேசையை ப்ளீச் போட்டுத் துடைத்துக் கொடுத்தேன். அத்தனை வருடமாக நான் உட்காரும் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

வேலை எளிமையானது. பிளேடால் ஒரு துணுக்கு எடுத்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, அதில் சில சொட்டு ப்ளீச். சோடா மாதிரி நுரைத்து, சதை கரைந்து மறையும். மறைந்த பிறகு, முட்கள் வெள்ளையாக அடியில் படியும். மேலே இருக்கும் திரவத்தை பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு, படியவிட்டு, மறுபடி உறிஞ்ச வேண்டும். அடியில் இருப்பதைக் கலைத்துவிடக் கூடாது. இந்த இடத்தில் அவளுக்கு நான் தேவைப்பட்டேன். பிப்பெட் வேலை எனக்கு மூச்சு விடுகிற மாதிரி.

முதல் குப்பியில் எதுவும் படியவில்லை. தெளிந்த தண்ணீர். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. ஸ்லைடில் வைத்துப் பார்த்தால், சப்பித் துப்பிய கல்கண்டு மாதிரி முனை மழுங்கிய துணுக்குகள். எது தலை எது கால் என்று தெரியவில்லை. நான் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து குப்பிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். இதோ இப்போது உடையப் போகிறாள் என்று காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் உடையவில்லை. மென்பவளத்தைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஜாடிக்குள்ள இது எப்படி நின்னுச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். குறுகலான ஜாடியில் திணித்தபோது இரண்டு விரல்கள் ஒன்றோடொன்று அழுந்தி ஒட்டியிருந்தன. அவற்றின் தோல் மட்டும் வேறு மாதிரி, மற்ற இடங்களைவிடச் சொரசொரப்பாக இருந்தது. அவள் அந்த இடுக்கை நகத்தால் மெதுவாகப் பிரித்தாள். "இங்க ஃபார்மலின் சரியா ஏறியிருக்காதும்மா," என்று, இடுக்கின் ஆழத்திலிருந்து சோற்றுப் பருக்கையில் பாதி அளவு எடுத்தாள்.

அந்தக் குப்பியில் அடியில் வெள்ளையாக ஒரு மென்மையான திட்டு படிந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சினேன்.

திரையில் படம் வந்தபோது நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? என் வேலையில் அழகானவற்றை நான் பார்த்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். சிறுநீரில் வரும் சில உப்புப் படிகங்கள் வைரத்துண்டு போலிருக்கும். ஆனால் இவை யாரோ உட்கார்ந்து செதுக்கியவைபோல் இருந்தன. மெலிந்த கைப்பிடி, அதன் மேல் முடிச்சு முடிச்சாகத் தலை. அச்சு அசலாகக் கதாயுதம். ஊடே நீளமான சில, பாகற்காய் மாதிரி உடம்பெல்லாம் மொட்டு மொட்டாக. கடலடியில், யாரும் பார்க்காத ஒரு பிராணியின் தோலுக்குள் இவ்வளவு வேலைப்பாடு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. கேட்டேன்.

"சதை தொய்யாம நிக்கணும்ல. கடிக்க வர்ற மீனுக்கும் வாய்ல குத்தணும்," என்றாள், கண்ணை எடுக்காமல்.

அதன்பிறகு அவள் வேலை செய்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் மைக்ராஸ்கோப்பில் வாழ்ந்தவள்தான். ஆனால் எனக்கு விடைகள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன. இது இன்ன அணு, இது இன்ன கிருமி; சந்தேகம் வந்தால் சுவரில் படம் இருக்கிறது. இவளுக்குச் சுவரில் எதுவும் இல்லை. பல தலைமுறைக்கு முன்னால் வேறு மொழியில் எழுதி, கையால் வரைந்து வைத்த படங்கள். ஒரே பிராணிக்கு ஆளுக்கு ஒரு பெயர். போதாததற்கு, சினுலேரியா என்று அவள் படிக்கத் தொடங்கிய பேரினத்தின் பெரும்பகுதியை நடுவில் வேறு பெயருக்கு மாற்றிவிட்டார்கள். பாதி வழியில் பஸ்ஸின் நம்பர் மாறின மாதிரி. இத்தனைக்கும் நடுவில் அவள் ஒவ்வொரு முள்ளையும் அளந்து, இது இருக்கட்டும், இது வேண்டாம் என்று ஒதுக்கிக்கொண்டே போனாள். சின்ன வயதில் அரிசியில் கல் பொறுக்கச் சொன்னால் ஓடிப்போகிறவள்.

கதாயுதத் தலையின் உச்சியில், நடுவில், தனியாக ஒரு முடிச்சு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கைடு பட்டியலில் போட்ட இனத்துக்கு அது கிடையாதாம். ஒன்றில் அந்த முடிச்சு பளிச்சென்று தெரிந்தது. நான் அதைச் சுட்டிக்காட்டினேன். அவள் பார்த்துவிட்டு ஒதுக்கினாள்.

"ஏண்டி, நீ தேடுனது அதான?"

"இதோட ஒரு பக்கம் அரிச்சிருக்கும்மா. அரிச்சதாலகூட அப்படித் தெரியலாம்."

"உனக்குச் சாதகமாத்தான இருக்கு?"

"அதனாலதான் யோசிக்கிறேன்."

அரிக்காத கதாயுதங்கள் விரல்விட்டு எண்ணிவிடுகிற அளவுதான் கிடைத்தன. அவற்றிலும் முடிச்சு இருந்தது. அப்போதுதான் அன்று முதன்முறையாகச் சிரித்தாள். இது கைடு சொன்ன இனம் இல்லை என்பது மட்டும் உறுதி. அப்படியானால் எது என்று கேட்டேன். அதைச் சொல்ல அடிப்பாகத்து முள் வேண்டும், அது இல்லை என்றாள். சிரிப்பு போய்விட்டது.

வீட்டுக்குத் திரும்பும்போது பெரியார் பஸ் நிலையத்துப் பக்கம் நெரிசல். பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் நான் தலையைத் திருப்பாமல் சொன்னேன்: "வடக்கே பாத்ததுல எதோடயாவது ஒத்துப் போகும்ல? கிட்டத்தட்ட இருக்குற பேரப் போட்டு முடிச்சிரேன். எத்தன நாளைக்கு இதக் கட்டி அழுவ?"

"அம்மா, உன் லேபுக்கு ஒருத்தர் வர்றாரு. அவரு ரத்தம் ஓ-வா பி-யான்னு சரியாத் தெரியல. கிட்டத்தட்டன்னு ஒண்ணு எழுதிக் குடுப்பியா?"

நான் ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என் கணவர் வீட்டுப் பக்கம்தான் இத்தனை நாளும் கை காட்டிவந்தேன்.

மறுநாள் பசுமலையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்த அத்தியாயத்தைத் திருத்தினாள். பேரினத்தின் பெயரை எழுதினாள். சிற்றினத்துக்கான இடத்தைக் காலியாக விட்டாள். அடிப்பாகம் கிடைக்கவில்லை, ஆகவே முடிவு செய்ய இயலவில்லை என்று ஒரு வரி. எப்படி இழந்தது என்று எழுதவில்லை. அட்டெண்டரின் பேரோ, கமிட்டியோ அதில் இல்லை. அந்த ஒரு வரியை எழுதுவதற்கு முற்பகல் முழுவதும் எடுத்துக்கொண்டாள். ஒன்றரை மாதம் வடக்கே தங்கி அளந்தது எல்லாம் அந்தக் காலி இடத்துக்குள் போய்விட்டது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ கேலியாகச் சொல்ல வாயெடுத்தார். பிறகு அவள் பக்கத்தில் காபியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அந்தக் காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது. அன்றைக்கு ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்குப் பழைய பயம் மறுபடி வந்துவிட்டது. அவள் அறைக் கதவைச் சாத்தினால் நான் போய் ஏதாவது ஒரு சாக்கில் திறந்துகொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லி ஊற்றிக்கொண்டிருக்கும்போது வாசலில் டி.வி.எஸ். வண்டிச் சத்தம் கேட்டது. அட்டெண்டர். ஐம்பதை நெருங்கிய, ஒல்லியான மனிதர். கையில் ஒரு மஞ்சள் பை, தோளில் இன்னொரு பை.

"அக்கா, பாப்பா இருக்காகளா?"

அவரிடம் சொல்வதற்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் கொஞ்சநஞ்சமல்ல. அவற்றில் முதல் வார்த்தை வருவதற்குள் என் மகள் உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "வாங்கண்ணே. சடங்கு நல்லா நடந்துச்சா?" என்றாள்.

"நடந்துச்சு பாப்பா. தாய்மாமன் நான் ஒத்த ஆளு, எல்லாத் தட்டையும் நானே தூக்குன மாதிரிதான். அந்த அவசரத்துல போன் தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்துருச்சு. நேத்துச் சாயங்காலம் சரி பண்ணிப் பாத்தா, உங்க மிஸ்டு கால் வரிசையா நிக்குது. அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கல." தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "லட்டுக்கா. வீட்ல எல்லாரும் சாப்பிடுங்க."

நான் வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

"அண்ணே, அந்த மென்பவளத்த ஜாடியில மாத்துனீங்கள்ல..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"தெரியும் பாப்பா. நீங்க எதுக்குக் கூப்டீகன்னு எனக்குத் தெரியும். அதான் வெள்ளனே காலேஜுக்குப் போயி, ஸ்டோர் ரூமத் தொறந்து எடுத்துக்கிட்டு நேரா இங்கிட்டு வாரேன்." அவர் மஞ்சள் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "என்னைய என்ன வேணா சொல்லுங்க. இத மட்டும் சொல்லிராதீக. இம்புட்டு வருசமா அந்த டிபார்ட்மெண்ட்ல இருக்கேன். ஒரு சொட்டு வாயில வச்சதில்ல, வெளிய குடுத்ததில்ல."

"எதைண்ணே?" என்றாள் மகள்.

"ஸ்பிரிட்டத்தான். உங்க டப்பால இருந்த ஸ்பிரிட்டு எங்க போச்சுன்னுதான கூப்டீக? பர்மிட்டு போட்டு வாங்குற சரக்கு. அதக் கீழ ஊத்துனா நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு பேசுவாக. அதான் டப்பாவோட எடுத்து ஸ்டோர் ரூம்ல பூட்டி வச்சிட்டுத்தான் ஊருக்குப் போனேன். சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. பாருங்க, கொஞ்சமும் கொறையல."

மஞ்சள் பைக்குள்ளிருந்து அவளுடைய பழைய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து அவள் முன்னால் பிடித்தார். அவள் குனிந்து பார்த்தாள். பார்த்தபடியே நின்றாள். கையை நீட்டி வாங்கவில்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"கலங்கலா இருக்குன்னு பாக்குறீகளா? வேற ஒண்ணுமில்ல பாப்பா. ஜாடி வாய்க்குள்ள போகலன்னு நறுக்குனேன்ல, அந்த அடித்துண்டு உள்ள கெடக்கு. அதத் தூக்கித் தூரப் போட்டுட்டு, வடிகட்டித் தரவா?"